நெருக்கத்தில் அடைபட்ட துகள்களின் சீரற்ற இயக்கம்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கடினக் கோளங்களாலான கூழ்மத்தில் (திரவத்தில் மிதக்கும் நுண்துகள்களில்) துகள்களின் பருமப் பின்னம், அதாவது மொத்தக் கன அளவில் துகள்கள் அடைக்கும் பங்கு, 0.58-ஐ நெருங்கும்போது மாதிரி படிகமாகாமலே இறுகும் கண்ணாடி நிலையை அணுகும். அப்போது எல்லாத் துகள்களும் ஒன்றுபோல மந்தமாகிவிடுவதில்லை. பெரும்பாலானவை அண்டைத் துகள்கள் சூழ்ந்த கூண்டுக்குள்ளேயே துடித்துக்கொண்டிருக்கும். ஒரு சிறு பங்கு மட்டும் கூட்டமாக, ஒன்றன்பின் ஒன்றாக இடம் பெயரும். 2000-ஆம் ஆண்டில் எரிக் வீக்ஸ் உள்ளிட்ட குழுவினரும், தனியாகக் கெகல், வான் பிளாடரன் இருவரும் கான்ஃபோகல் நுண்ணோக்கி (மாதிரியின் ஒரு மெல்லிய தளத்தை மட்டும் படமெடுக்கும் கருவி) மூலம் இதை நேரடியாகக் காட்டினர். இன்று நல்ல கேமராவும் துகள்களைத் தொடரும் நிரலும் உள்ள எந்த ஆய்வகமும் இதை அளக்கலாம். அளந்ததை நம்பலாமா என்பதுதான் கடினமான கேள்வி.

துகளுக்குத் துகள் வேறுபடும் இந்தச் சீரற்ற இயக்கத்தைச் சொல்லும் எண்கள் எல்லாமே ஓரத்தில் நிற்கும் சில துகள்களை நம்பியிருக்கின்றன. ஆல்ஃபா-2 எனப்படும் காஸியன் அல்லாத அளவுருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அச்சில் இடப்பெயர்ச்சியின் நான்காம் அடுக்குச் சராசரியை, இரண்டாம் அடுக்குச் சராசரியின் வர்க்கத்தைப் போல் மும்மடங்கால் வகுத்து, ஒன்றைக் கழித்தால் அது கிடைக்கும். இடப்பெயர்ச்சிகள் காஸியன் பரவலில் (மணி வடிவ இயல்நிலைப் பரவலில்) இருந்தால் பூச்சியம். நான்காம் அடுக்கு என்பதால் பெரிய இடப்பெயர்ச்சி ஒன்றிரண்டே கணக்கைத் தூக்கிவிடும். நான்கு-புள்ளி ஏற்புத்திறனும் அப்படியே: ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குமேல் நகராத துகள்களின் பங்கை ஒவ்வொரு நேரத்திலும் எண்ணி, அந்தப் பங்கின் விலக்க வர்க்கச் சராசரியைத் துகள் எண்ணிக்கையால் பெருக்குகிறோம். ஏற்ற இறக்கமே அங்கு விடை. ஆனால் கேமராவின் இரைச்சலும், மேசையின் அதிர்வும், தவறாக இணைத்த தடங்களும் வந்து சேருவதும் இதே ஓரத்திலும் இதே ஏற்ற இறக்கத்திலும்தான். ஆகவே இந்தத் துறையில் பிழை பெரும்பாலும் அழகான முடிவாகத் தோற்றம் தரும். அதனால்தான் அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு வெற்று மாதிரிகள்

கீழே வரும் எந்த அறிகுறியையும் ஆராய்வதற்கு முன் இவை கையில் இருக்க வேண்டும். ஒன்று, அதே துகள்களைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டவைத்து எடுத்த படம். அதில் தெரியும் அசைவு முழுவதும் உங்கள் கருவியுடையது. இரண்டு, அதே துகள்கள் மிகவும் நீர்த்த நிலையில். 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துகள் 25 டிகிரி செல்சியஸ் நீரில் இருந்தால் அதன் விரவல் கெழு நொடிக்குச் சுமார் 0.49 சதுர மைக்ரோமீட்டர். உங்கள் எண் அதோடு ஒத்துப்போக வேண்டும். ஆல்ஃபா-2 எல்லா நேர இடைவெளியிலும் பிழைக்கோட்டுக்குள் பூச்சியமாக இருக்க வேண்டும். நீர்த்த மாதிரியிலேயே அது 0.3 என்று வந்தால், அடர்ந்த மாதிரியில் வரும் 1.2-ஐப் பற்றிப் பேச எதுவும் இல்லை.

அறிகுறி: மிகக் குறுகிய நேர இடைவெளியிலேயே ஆல்ஃபா-2 உயர்ந்து நிற்கிறது

சரியான வளைவு எப்படி இருக்கும் என்பதை மனத்தில் வையுங்கள். துகள்கள் கூண்டுக்குள் துடிக்கும் நேரத்தில் ஆல்ஃபா-2 சிறியதாக இருக்கும்; கூண்டை உடைத்து வெளியேறத் தொடங்கும் நேரத்தை ஒட்டி உச்சம் தொடும்; இயல்பான விரவலுக்குத் திரும்பும்போது இறங்கும். அதற்கு மாறாக, ஒரே ஒரு பிரேம் இடைவெளியிலேயே 2, 3 என்று நின்றால் முதலில் தடங்களை இணைத்த விதத்தைச் சந்தேகியுங்கள்.

ஒரு சிறு கணக்கு இதன் கொடுமையைக் காட்டும். இடப்பெயர்ச்சிகள் உண்மையில் முழுக் காஸியன் என்று கொள்வோம். ஆயிரத்தில் ஒன்று மட்டும் தவறாக இணைக்கப்பட்டு, திட்ட விலக்கத்தைப் போல் 10 மடங்கு தாவலாகப் பதிவாகிறது. சராசரி வர்க்க இடப்பெயர்ச்சி சுமார் 10 விழுக்காடுதான் கூடும், யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆல்ஃபா-2 மட்டும் பூச்சியத்திலிருந்து ஏறத்தாழ 2.6-க்கு எகிறிவிடும். 99.9 விழுக்காடு சரியாகத் தொடர்ந்திருக்கிறோம் என்ற நிம்மதிக்கு இங்கு இடமே இல்லை.

கண்டறிய மூன்று வழிகள். இடப்பெயர்ச்சிப் பரவலை மடக்கை அளவில் வரையுங்கள். வால் பகுதி நீங்கள் கொடுத்த தேடல் ஆரத்தில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால், அந்த வாலில் தவறான இணைப்புகள் நிறைய உள்ளன. அடுத்து, மிகப் பெரிய தாவல்கள் சிலவற்றை எடுத்து மூலப் படத்தில் கண்ணால் பாருங்கள். அலுப்பூட்டும் வேலை, ஆனால் இதற்கு ஈடான சோதனை வேறில்லை. இரண்டு அண்டைத் துகள்கள் ஒரே பிரேமில் எதிரெதிராக ஒரு விட்ட தூரம் நகர்ந்திருந்தால் அது பெயர் மாற்றம்; துகள்கள் அப்படியே இருக்க அடையாள எண்கள் மட்டும் இடம் மாறியுள்ளன. போன பிரேமில் தாவி அடுத்த பிரேமில் அதே இடத்துக்குத் திரும்பியிருந்தால், துகளின் மையத்தைக் கண்டதில் கோளாறு. மூன்றாவதாக, தேடல் ஆரத்தை 20 விழுக்காடு கூட்டியும் குறைத்தும் முழுப் பகுப்பாய்வையும் திரும்ப ஓட்டுங்கள். உண்மையான உச்சம் அதற்கு அசையாது.

தீர்வு படம் எடுப்பதில் இருக்கிறது. ஒரு பிரேமுக்குள் துகள் நகரும் தூரம் அண்டைத் துகளுக்குள்ள இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்படி வேகமாகப் படமெடுங்கள். கிராக்கர், கிரியர் இருவரும் 1996-இல் விவரித்த இணைப்பு முறை இன்றும் பெரும்பாலான நிரல்களின் அடிப்படை. துகள்கள் தங்கள் இடைவெளியைவிட மிகக் குறைவாக நகரும்போதுதான் அது நம்பத்தக்கது. பெரிய தாவல்களை வெறுமனே வெட்டி எறிவது தீர்வாகாது. நாம் தேடிவந்த துகள்களும் அந்தப் பெரிய தாவல்களுக்குள்தான் இருக்கின்றன.

துகள்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கும்போது இன்னொரு நுட்பமான பிழையும் வரும். இரண்டு துகள்களின் பிம்பங்களும் ஒன்றின்மேல் ஒன்று சாய, கணக்கிட்ட மையங்கள் ஒன்றையொன்று நோக்கி இழுபடும். இடப்பிழையை அண்டைத் தூரத்துக்கு எதிராக வரைந்தால் இது வெளிப்படும். துகளின் கருவுக்கு மட்டும் ஒளிரும் சாயம் ஏற்றி, ஓட்டைச் சாயமின்றி விட்டுத் தயாரித்த துகள்கள் இதற்கு நல்ல மாற்று.

அறிகுறி: ஆல்ஃபா-2 எழவே இல்லை, சராசரி வர்க்க இடப்பெயர்ச்சி தட்டையாகக் கிடக்கிறது

அந்தத் தட்டைப் பகுதி கூண்டா, கேமராவின் இரைச்சலா? மையத்தைக் கண்டறிவதில் ஓர் அச்சுக்குத் திட்ட விலக்கம் 20 நானோமீட்டர் என்றால், அந்த அச்சின் சராசரி வர்க்க இடப்பெயர்ச்சியில் 0.0008 சதுர மைக்ரோமீட்டர் எப்போதும் கூடுதலாக ஒட்டியிருக்கும். தட்டைப் பகுதி 0.01 என்ற உயரத்தில் இருந்தால் கவலையில்லை. 0.0016-இல் இருந்தால் நீங்கள் பார்ப்பதில் பாதி கேமராதான்.

ஆல்ஃபா-2 இதில் இன்னும் கடுமையாக அடிபடும். இரைச்சல் காஸியனாக இருந்தால், அளந்த மதிப்பு உண்மை மதிப்பை ஒரு பங்கின் வர்க்கத்தால் பெருக்கியதாக இருக்கும். உண்மை இடப்பெயர்ச்சி வர்க்கத்தை அளந்த வர்க்கத்தால் வகுத்தால் வருவதே அந்தப் பங்கு. பாதி இரைச்சல் என்றால் கால்வாசி ஆல்ஃபா-2 மட்டுமே தெரியும். கணக்கால் திருத்தலாம். ஆனாலும் அந்தப் பங்கு பாதிக்குக் கீழே போய்விட்டால் திருத்திய எண்ணை வெளியிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரைச்சலின் மதிப்பில் உள்ள சிறு பிழைகூட அங்கு விடையைக் கவிழ்த்துவிடும்.

ஒட்டவைத்த துகள்களிலிருந்து எடுத்த இரைச்சல் மதிப்பு ஒரு கீழ் வரம்பு மட்டுமே. அடர்ந்த மாதிரியில் பின்னணி ஒளி கூடும், வேறுபாடு மங்கும், சாயமும் வெளிறிக்கொண்டே போகும். ஆகவே இரைச்சலை அதே மாதிரியில், அதே ஒளியில், மிகக் குறுகிய நேர இடைவெளிகளிலிருந்து பின்னோக்கி நீட்டியும் கணக்கிடுங்கள். இரண்டு மதிப்புகளும் ஒத்துப்போக வேண்டும்.

எதிர்த் திசையில் இழுக்கும் பிழை ஒன்றும் உண்டு. கேமரா திறந்திருக்கும் நேரத்தில் துகள் நகர்ந்தால் அதன் பிம்பம் அந்த நேரத்தின் சராசரியாகிவிடும். கூண்டுக்குள் நடக்கும் துடிப்பு சுருங்கித் தெரியும். சாவின், டாயில் இருவரும் 2005-இல் இவ்விரண்டு பிழைகளையும் பிரித்துக் கணக்கிட்டுக் காட்டினர்: சாதாரண விரவலில், ஒளிபடும் நேரத்தின் மூன்றில் ஒரு பங்கு நேர இடைவெளியிலிருந்து குறைந்ததுபோல் வளைவு தாழும். ஒளிபடும் நேரத்தைப் பாதியாக்கிப் பார்த்தால் போதும், இது இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பிக்சல் ஒட்டுதலையும் மறக்க வேண்டாம். எல்லா ஆயங்களின் தசமப் பகுதியையும் எடுத்து ஹிஸ்டோகிராம் போடுங்கள். அது சமமாகப் பரவியிருக்க வேண்டும். 0-இலும் 1-இலும் குவிந்திருந்தால் மையம் தேடும் முகமூடி (மையத்தைக் கணக்கிட எடுக்கும் பிக்சல் வட்டம்) துகளைவிடச் சிறியது, பெரிதாக்குங்கள்.

அறிகுறி: நீண்ட நேரத்தில் வளைவு செங்குத்தாக எழுகிறது

இரு அச்சும் மடக்கையாக உள்ள வரைபடத்தில் சாய்வு 2-ஐ நெருங்கினால் அது ஒட்டுமொத்த நழுவல். எண்ணெயில் தோயும் பொருளருகு வில்லை மாதிரியோடு வெப்பத் தொடர்பில் இருப்பதால், அறையின் வெப்பநிலை மாறினாலும் மாதிரி மெல்ல நகரும். ஒவ்வொரு பிரேமிலும் எல்லாத் துகள்களின் சராசரி இடப்பெயர்ச்சியைக் கழிப்பது வழக்கம். புலத்தில் ஆயிரக்கணக்கான துகள்கள் இருந்தால் இது நல்ல வழி. சில நூறு மட்டுமே இருந்து, அவற்றில் ஒரு பெரிய கூட்டம் உண்மையாகவே ஒரு பக்கம் நகர்ந்தால், அந்த உண்மை இயக்கத்தின் ஒரு பங்கைக் கழித்து, அசையாத துகள்களுக்கு எதிர்த்திசையில் பொய் அசைவைக் கொடுத்துவிடுவீர்கள்.

கழித்த பிறகும் சாய்வு குறையவில்லையென்றால் நழுவல் இடத்துக்கு இடம் மாறுகிறது: சுழற்சி, மெல்லிய சறுக்குப் பெயர்வு (அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவது), அல்லது மூடிய விளிம்பில் கசிவு. இடப்பெயர்ச்சிப் புலத்துக்கு ஒரு நேரியல் பொருத்தம் போட்டு அதையும் கழியுங்கள். கசிவு என்றால் கணக்கு உதவாது. மாதிரியைத் திரும்ப மூட வேண்டும்.

வெப்பத்தால் சுருங்கும் பிநிபாம் மைக்ரோஜெல் துகள்களில் (நீரில் உப்பும் பாலிமர் துகள்களில்) வெப்பநிலை இன்னொரு வழியிலும் கெடுக்கும். அவை சுமார் 32 டிகிரியில் சுருங்கிவிடும். அதற்குக் கீழேயும் வெப்பநிலையோடு அவற்றின் விட்டம் மாறிக்கொண்டே இருக்கும். விட்டம் 1 விழுக்காடு மாறினால் பருமப் பின்னம் 3 விழுக்காடு மாறும். கண்ணாடி நிலைக்கு அருகில் அந்த 3 விழுக்காட்டில் தளர்வு நேரம் (துகள்கள் தங்கள் பழைய அமைவை விட்டு விலக எடுக்கும் நேரம்) பன்மடங்காகலாம்.

அறிகுறி: வேகமான பகுதி எப்போதும் ஒரே இடத்தில் இருக்கிறது

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமான சோதனையாகக் கருதுகிறேன்; வெளியாகும் வரைபடங்களில் மிகக் குறைவாகக் கண்ணில் படுவதும் இதுதான். உண்மையான இயக்கச் சீரின்மையில் வேகமான பகுதிகள் இடம் மாறும். தளர்வு நேரத்தைப் போல் பல மடங்கு கடந்தபின், இன்று மந்தமாக இருந்த துகளும் ஓடியிருக்கும். ஆகவே படத்தை நான்கைந்து துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக நகர்திறன் வரைபடம் போடுங்கள்; எந்த இடத்துத் துகள் எவ்வளவு நகர்ந்தது என்பதை அது நிறத்தால் காட்டும், வேகமானவை சிவப்பு. ஒவ்வொரு துண்டும் தளர்வு நேரத்தைவிட நீளமாக இருக்கட்டும். வரைபடங்கள் ஒன்றையொன்று மறந்திருக்க வேண்டும். எல்லாவற்றிலும் அதே மூலை சிவந்திருந்தால் அங்கே நிலையான ஏதோ ஒன்று இருக்கிறது.

அது என்னவாக இருக்கலாம்? முதல் சந்தேகம் ஒளி. மூலையில் வெளிச்சம் மங்கினால் இடப்பிழை கூடும். கூடிய பிழை கூடிய அசைவாகத் தெரியும். இடப்பிழையையும் இடவாரியாக வரைந்து இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, படிகம். கடினக் கோளங்கள் 0.494-இல் உறையத் தொடங்கும், 0.545-க்குமேல் முழுவதும் படிகமாக விரும்பும். பியூசி, வான் மெகன் இருவரும் 1986-இல் இந்த நிலைகளைக் கூழ்மத்தில் வரிசையாகக் காட்டினர். துகள்களின் அளவுப் பரவல் 5 விழுக்காடு அளவில் இருந்தால் மூலைகளில் சிறு படிகங்கள் முளைப்பது இயல்பு. படிகத்தில் துகள் அசையாது, அதைச் சுற்றியுள்ள திரவத்தில் ஓடும்; கணக்கிட்டால் அற்புதமான சீரின்மை வரும், ஆனால் அது கண்ணாடி நிலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒவ்வொரு துகளுக்கும் அண்டைத் துகள்களின் திசை ஒழுங்கைக் கணக்கிட்டு, படிக ஒழுங்குள்ளவற்றைப் பிரித்துக் காட்டுங்கள். தடுக்க வேண்டுமானால் 1:1.4 போன்ற விட்ட விகிதத்தில் இரண்டு வகைத் துகள்களைக் கலக்கலாம்.

மூன்றாவது, படிவு. அடர்த்தி சரியாகப் பொருந்தாத கரைசலில் கீழே நெருக்கமும் மேலே தளர்வும் இருக்கும். நான்காவது, சுவர். கண்ணாடித் தகட்டை ஒட்டிய அடுக்குகளில் துகள்கள் வரிசையாக அமர்ந்து வேறு வேகத்தில் நகரும். தகட்டிலிருந்து குறைந்தது பத்துப் பதினைந்து விட்டங்கள் உள்ளே போய்ப் படமெடுப்பது நல்லது.

அறிகுறி: இரண்டு வகைத் துகள் கலந்ததும் ஆல்ஃபா-2 கூடிவிட்டது

கூடத்தான் செய்யும். சிறியவை வேகமாகவும் பெரியவை மெதுவாகவும் போகின்றன. இரண்டும் தனித்தனியே காஸியனாக இருந்தாலும் கலவை காஸியனாக இராது. சம எண்ணிக்கையில் கலந்து விரவல் கெழுக்கள் 1.4 மடங்கு வேறுபட்டால் இந்தக் கலப்பால் மட்டும் வரும் ஆல்ஃபா-2 வெறும் 0.03. நெருக்கத்தில் அந்த வேறுபாடு 5 மடங்கானால் 0.44. ஒவ்வொரு வகைக்கும் தனியாகக் கணக்கிடுங்கள்; கலந்து கணக்கிட்ட எண்ணை எங்கும் தராதீர்கள்.

அறிகுறி: வேகமான தடங்கள் எல்லாம் குட்டையாக இருக்கின்றன

வேகமாக ஓடும் துகளைத்தான் நிரல் எளிதில் தொலைக்கும். நீண்ட நேர இடைவெளிக்கு நீண்ட தடங்களே பயன்படுவதால், மந்தமான துகள்கள் மட்டும் கணக்கில் எஞ்சும். சீரின்மை குறைவாகத் தெரியும். தடத்தின் நீளத்தை அதன் முதல் சில பிரேம்களின் வேகத்துக்கு எதிராக வரையுங்கள். தொடர்பு இருந்தால் வேகமாகப் படமெடுப்பதும், இரு பரிமாணத் துண்டுக்குப் பதில் தடித்த முப்பரிமாண அடுக்கை எடுப்பதும் உதவும். தொலைந்த துகளைச் சில பிரேம்கள் நினைவில் வைக்கும் வசதி நிரலில் இருக்கும். அதைப் பெரிதாக வைத்தால் மேலே சொன்ன பெயர் மாற்றப் பிழை திரும்ப வரும்.

அறிகுறி: உயர அச்சில் மட்டும் வேறுபட்ட இயக்கம்

கான்ஃபோகலில் உயர அச்சின் பிரிதிறன் மற்ற இரண்டைவிடப் பன்மடங்கு மோசம். அடுக்கை வருடி முடிக்கச் சில நொடிகள் ஆனால் மேல் துண்டும் கீழ்த் துண்டும் வெவ்வேறு நேரத்தைச் சேர்ந்தவை. ஒளிவிலகல் எண் பொருந்தாவிட்டால் ஆழமும் சுருங்கியோ நீண்டோ தெரியும். துகள் இணைகளின் தொலைவுப் பரவலில் முதல் உச்சம் மூன்று அச்சிலும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் முதலில் அளவுத்திட்டத்தைச் சரிசெய்யுங்கள். உயர அச்சின் இரைச்சலைத் தனியாகக் கையாளுங்கள். மூன்றையும் சேர்த்து ஒரே ஆல்ஃபா-2 போட வேண்டாம்.

அறிகுறி: நான்கு-புள்ளி ஏற்புத்திறனின் உச்சம் படத்துக்குப் படம் மாறுகிறது

முதலில் கேட்க வேண்டியது: படத்தின் நீளம் தளர்வு நேரத்தைப் போல் எத்தனை மடங்கு? ஒன்றையொன்று சாராத அளவீடுகள் எட்டு இருந்தால், விலக்க வர்க்கச் சராசரியின் பிழையே சுமார் 50 விழுக்காடு. ஐம்பது இருந்தால் 20 விழுக்காடு. தளர்வு நேரத்தைப் போல் மூன்று மடங்கு நீளமுள்ள படத்திலிருந்து வந்த உச்சத்தின் உயரத்தை ஒப்பிட்டுப் பேசுவது வீண். ஒரே படத்திலிருந்து சராசரியையும் எடுத்து விலக்கத்தையும் எடுப்பதால் மதிப்பு தாழ்ந்தும் வரும்.

அடுத்து மூப்பு. கண்ணாடி நிலையை எட்டிய மாதிரி காத்திருக்கக் காத்திருக்க மேலும் மந்தமாகும். படத்தின் முதல் பாதியையும் பின் பாதியையும் தனியாகப் பகுத்தால் தளர்வு நேரம் மாறுகிறதா? மாறினால், அந்த மெல்லிய சரிவே ஏற்ற இறக்கமாகக் கணக்கில் ஏறிவிடும். மாதிரியைக் கலக்கிய நேரத்தை எப்போதும் குறித்துவைத்து, அதிலிருந்து ஒரே காத்திருப்பு நேரத்தில் அளந்தவற்றை மட்டும் ஒப்பிடுங்கள்.

எவ்வளவு தூரம் நகர்ந்தால் நகர்ந்ததாகக் கொள்வது என்ற தேர்வும் இருக்கிறது. அதைக் கூண்டின் அகலத்துக்குக் கீழே வைத்தால் துடிப்பையே எண்ணுவீர்கள். பல மதிப்புகளுக்குக் கணக்கிட்டு, தூரத்தையும் நேரத்தையும் அச்சாகக் கொண்ட தளத்தில் உச்சம் எங்கே என்று பார்ப்பதே முறை.

உச்சத்தின் உயரம் புலத்தின் அளவோடும் மாறும். இங்கு இரண்டு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். புலத்தைப் பெரிதாக்கும்போது உயரம் கூடி ஒரு நிலையில் நின்றால், சிறிய புலம் கூட்டு இயக்கத்தின் நீளத்தை வெட்டிக்கொண்டிருந்தது. பெரிய புலமே சரி. இதை முறையாகச் செய்ய, 2017-இல் சக்கரவர்த்தி, தா, கர்மாகர், தாஸ்குப்தா ஆகியோர் முன்வைத்த கட்டப் பகுப்பாய்வு கைகொடுக்கும்: பெரிய புலத்தைப் பல அளவுக் கட்டங்களாக வெட்டி, கட்டத்தின் அளவோடு ஏற்புத்திறன் வளரும் விதத்திலிருந்து நீளத்தை எடுப்பார்கள். ஆனால் உயரம் எங்கும் நிற்காமல், துகள் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் கூடிக்கொண்டே போனால், புலம் முழுவதும் ஒன்றாக ஏறி இறங்குகிறது என்று பொருள். மேசை அதிர்வு, குவியம் நழுவுதல், விளக்கின் மினுக்கல் ஆகியவற்றைத் தேடுங்கள்.

துகள் எண்ணிக்கை நிலையாக உள்ளதா என்பதும் விடையை மாற்றும். நுண்ணோக்கிப் புலம் திறந்தது. துகள்கள் உள்ளே வரும், வெளியே போகும். அடர்த்தியின் சிறு ஏற்ற இறக்கமும் தளர்வைப் பெரிதாக மாற்றுவதால், திறந்த புலத்தின் ஏற்புத்திறன் மூடிய பெட்டியில் செய்த உருவகப்படுத்தலின் மதிப்பைவிடக் கூடுதலாக இருக்கும். இரண்டையும் நேராக ஒப்பிடாதீர்கள்.

அறிகுறி: ஒற்றை அடுக்கில் கூண்டே தெரியவில்லை

இரு பரிமாணத்தில் நீண்ட அலைநீள அசைவுகள் துகள்களைக் கூண்டோடு சேர்த்துத் தூக்கிச் செல்லும். கூண்டு உடையாமலே சராசரி வர்க்க இடப்பெயர்ச்சி ஏறிக்கொண்டே போகும். மாதிரி பெரிதாக ஆக அது இன்னும் கூடும். இதை இரு பரிமாணக் கண்ணாடி நிலையின் தனித்தன்மையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2017-இல் சோதனைகள் தெளிவாகக் காட்டின. ஒவ்வொரு துகளின் இடப்பெயர்ச்சியிலிருந்தும் அதன் அண்டைத் துகள்களின் சராசரி இடப்பெயர்ச்சியைக் கழித்தால் கூண்டு திரும்பத் தெரியும். இதற்கும் விலை உண்டு: உண்மையாகவே ஒன்றாக நகரும் கூட்டத்தின் உட்பகுதி அசையாததுபோல் மாறி, விளிம்பு மட்டும் எஞ்சும். கழித்தது, கழிக்காதது இரண்டையும் காட்டுங்கள்.

அறிகுறி: மணிகள், நுரை, பால்மம்: உச்சமே கிடைக்கவில்லை

நெரிசல் நிலையில் (துகள்கள் ஒன்றையொன்று அழுத்தி இறுகிவிட்ட நிலையில்) கூழ்மத்தின் பழக்கங்களைத் தள்ளிவைக்க வேண்டும். ஒழுங்கின்றி அடைந்த கோளங்கள் முப்பரிமாணத்தில் 0.64 அருகிலும், வட்டுகள் இரு பரிமாணத்தில் 0.84 அருகிலும் இறுகுகின்றன. அந்த இடத்தில் துகள் நகரும் தூரம் விட்டத்தின் மிகச் சிறு பின்னம். விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற கூழ்ம அளவுகோலை வைத்தால் எதுவும் நகராததாகவே தோன்றும். நகர்வு வரம்பைப் பல மடங்கு குறையுங்கள். அதற்கேற்ப இடப்பிழையும் குறைந்தாக வேண்டும். பெரிய மணிகளில் படத்தை நன்றாகப் பெருக்கி எடுத்தால் அது சாத்தியமே.

சறுக்குப் பெயர்வு கொடுத்து அளப்பவர்கள் முதலில் மாதிரி முழுவதற்கும் பொதுவான உருமாற்றத்தைக் கழிக்க வேண்டும். ஃபால்க், லாங்கர் இருவரும் 1998-இல் தந்த அளவு, ஒவ்வொரு துகளின் அண்டையிலும் மிகப் பொருத்தமான நேரியல் உருமாற்றத்தைக் கண்டு, எஞ்சியதைக் கூட்டுகிறது. அண்டை என்று எவ்வளவு தூரத்தை எடுத்தீர்கள் என்பதை எழுதாமல் அந்த எண்ணைத் தராதீர்கள்.

நுரையில் குமிழிகள் தாமே பெரிதாகிக்கொண்டிருக்கும். அந்த வளர்ச்சியே திடீர் இடமாற்றங்களைத் தூண்டுகிறது என்பதை டூரியன், வைட்ஸ், பைன் 1991-இல் ஒளிச்சிதறல் வழியாகக் காட்டினர். ஆகவே நீண்ட படம் எடுத்தால் தொடக்கத்தில் இருந்த நுரையும் முடிவில் உள்ள நுரையும் வேறு. சராசரிக் குமிழி விட்டம் சில விழுக்காட்டுக்குமேல் மாறாத கால அளவுக்குள் பகுப்பாய்வை முடித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஒளிச்சிதறலில் ஒட்டுறவு காலத்தோடு குதிக்கிறது

துகளைத் தனியாகப் பார்க்க முடியாதபோது ஸ்பெக்கிள் கோலத்தை (சிதறிய லேசர் ஒளி உண்டாக்கும் புள்ளிக் கோலத்தை) கேமராவில் பிடித்து, ஒவ்வொரு நேரத்துக்கும் தனியாக ஒட்டுறவை (இரு நேரத்துக் கோலங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை) கணக்கிடும் முறையை சிபெல்லெட்டி குழுவினர் 2003-இல் முன்வைத்தனர். அதன் ஏற்ற இறக்கமே சீரின்மையின் அளவு. ஆனால் ஸ்பெக்கிள்களின் எண்ணிக்கை வரம்புள்ளதால் முற்றிலும் சீரான மாதிரியிலும் ஏற்ற இறக்கம் வரும். கணக்கில் எடுக்கும் பிக்சல்களைப் பாதி, கால், அரைக்கால் என்று குறைத்து, ஏற்ற இறக்கத்தைப் பிக்சல் எண்ணிக்கையின் தலைகீழுக்கு எதிராக வரையுங்கள். கோட்டை எண்ணிலி வரை நீட்டினால் வெட்டும் இடமே மாதிரியின் பங்கு. அது பூச்சியமானால் மாதிரி சீரானது.

ஒட்டுறவு எல்லா நேரத்திலும் ஒன்றாகத் தாழ்ந்தால் மாதிரி முழுவதுமாக நகர்ந்திருக்கலாம். முதல் கோலத்தையும் பின் கோலத்தையும் இடம் நகர்த்தி ஒப்பிடுங்கள்; நகர்த்திய இடத்தில் ஒட்டுறவு மீண்டும் உயர்ந்தால் தாங்கியைச் சரிசெய்ய வேண்டும். தளர்வே இல்லாத ஒரு மேடை எஞ்சினால், மாதிரிக் கலத்தின் சுவரில் பட்டுத் தெறிக்கும் நிலையான ஒளியைத் தேடுங்கள். இறுகிய மாதிரியில் ஒற்றை ஒளி உணரியால் எடுத்த நேரச் சராசரியை முழு மாதிரியின் சராசரியாகக் கொள்ள முடியாது. 1989-இல் பியூசி, வான் மெகன் இதற்கான திருத்தத்தைத் தந்தார்கள். கேமராவில் பல ஸ்பெக்கிள்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்தத் திருத்தம் தேவைப்படாது.

எக்ஸ் கதிரால் இதே அளவீட்டைச் செய்தால் ஒரு சோதனை கட்டாயம். மறைப்புத் தகடுகளால் கதிரின் செறிவைப் பாதியாக்கி, மாதிரியின் புதிய இடத்தில், அதே மூப்பில் திரும்ப அளவிடுங்கள். தளர்வு நேரம் இரட்டிப்பானால் துகள்களை நகர்த்துவது கதிர்தான். செறிவைக் குறைத்துக்கொண்டே போய், தளர்வு நேரம் மாறாத நிலை வந்தபின் எடுத்த தரவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.